கேரவனுக்குப் பின்னால் புல்லட்டை ஏற்றிச் செல்லலாமா?

கேள்வி: கேரவனாகப் பதிவான டெம்போ டிராவலர் ஒன்று வைத்திருக்கிறேன். சொந்தப் பயன்பாட்டு வண்டி. கேரவனை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு ஊருக்குள் சுற்றுவதற்காக, பட்டறையில் சொல்லி வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் பின்பக்கம் ஒரு ஸ்டாண்டை வெல்டிங் செய்து, என் 350 சிசி புல்லட்டைக் குறுக்காக ஏற்றிக்கொண்டு போகிறேன். ஓசூர் அருகே நிறுத்தி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1A), 182A(4) என இரண்டு பிரிவுகளில் 25,000 ரூபாய்க்குச் சலான் போட்டுவிட்டார்கள். சைக்கிளைக் கட்டிக்கொண்டு எத்தனையோ கார்கள் போகின்றனவே? வழக்காடினால் ஜெயிக்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: முதல் பிரிவில் ஜெயிப்பது மிகவும் கடினம். இரண்டாவதில் வாதாடக் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் சலானைவிட அந்த ஸ்டாண்டுதான் எனக்கு அதிகக் கவலை தந்தது.

194(1A) 2019 திருத்தத்தில் வந்த பிரிவு. வண்டியில் ஏற்றிய பொருள் அனுமதித்த அளவைத் தாண்டிப் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். இறக்கி வைக்கும் செலவும் உங்கள் தலையில்தான். பின்முனைக்கு வெளியே சரக்கு நீளக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 93-ஆம் விதி. உங்கள் புல்லட் முழுவதுமே பின்முனைக்கு வெளியேதான் நிற்கிறது. அதன் நீளமும் சுமார் 2.1 மீட்டர். கேரவனின் அகலத்தை ஒருமுறை டேப் வைத்து அளந்து பாருங்கள், சக்கரம் பக்கவாட்டிலும் வெளியே துருத்தக்கூடும். மற்ற கார்கள் சைக்கிள் கட்டிப் போகின்றன என்ற வாதம் எடுபடாது. இன்னொருவர் பிடிபடாமல் போனது உங்களுக்கு உரிமை ஆகிவிடாது என்றுதான் நீதிமன்றங்கள் சொல்லி வந்திருக்கின்றன.

182A(4) வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்கானது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 52-ஆம் பிரிவின் விளக்கம், வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறும்படியான கட்டமைப்பு மாற்றத்தைத்தான் 'மாற்றியமைத்தல்' என்கிறது. போல்ட் போட்டு மாட்டிக் கழற்றும் ஸ்டாண்டாக இருந்தால், இது வெறும் துணைப்பொருள் என்று நான் தைரியமாக வாதாடுவேன். சேஸிஸிலேயே வெல்டிங் வைத்துவிட்டீர்களே! பதிவுச் சான்றான ஆர்.சி.யில் உள்ள காலி எடையும் இப்போது பொருந்தாது. 2019 ஜனவரியில் ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைத் தாண்டி வருவது எளிதல்ல.

அப்புறம் எடை. புல்லட் சுமார் 195 கிலோ, ஸ்டாண்டை 40 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 235. ஆனால் பின் அச்சில் ஏறுவது 235 அல்ல. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.35 மீட்டர், பைக்கின் நடுப்பகுதி பின் அச்சிலிருந்து 2 மீட்டர் தள்ளி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நெம்புகோல் மாதிரி வேலை செய்து பின் அச்சில் சுமார் 375 கிலோ ஏறும், முன் அச்சில் 140 கிலோ குறையும். ஸ்டியரிங் பிடிப்பதும் பிரேக் பெரும்பாலும் பிடிப்பதும் முன் சக்கரத்தில்தான். மலைப்பாதையில் குடும்பத்தோடு போகும் வண்டி அது. தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, கட்டில் எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்கும்போது, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டினால், அதிக எடைக்கான 194(1) தனியாக வரும்.

நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் பைக்குக்குப் பின்னால் மறைந்தால் அதுவும் குற்றம். அதைவிட, இரவில் பின்னால் வருபவருக்கு உங்கள் பிரேக் விளக்கு தெரியாமல் போவதை யோசியுங்கள். பைக் கழன்று விழுந்து ஒருவர் இறந்தால், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக, குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-இன் கீழ் ஐந்து ஆண்டு வரை சிறை. இழப்பீட்டை இன்ஷூரன்ஸ் நிறுவனம் கொடுத்தாலும், பிறகு உங்களிடமே வசூலிக்க முயலலாம். கேரவனுக்கான சொந்தச் சேதக் கோரிக்கையை, சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி மறுக்கவும் அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

ஆகவே 194(1A) தொகையைக் கட்டிவிடுங்கள் என்பதே என் யோசனை. 182A(4)-ஐ எதிர்க்க விரும்பினால், ஸ்டாண்டை எப்படிப் பொருத்தியிருந்தது என்று தெளிவாகத் தெரியும் படங்களுடன் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். 5,000 ரூபாய்க்காகச் சம்பவம் நடந்த எல்லையிலுள்ள நீதிமன்றத்துக்கு அலைவது உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் ஸ்டாண்டை முதலில் வெட்டி எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு சேஸிஸை நல்ல மெக்கானிக் ஒருவரிடம் காட்டி, விரிசல் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

புல்லட் இல்லாமல் பயணம் ருசிக்காது என்றால், ரயில் பார்சலில் அனுப்பலாம். ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் வேண்டும், பெட்ரோல் டேங்க்கைக் காலி செய்திருக்க வேண்டும். புல்லட்டுக்கு முழுக் காப்பீடு இருந்தால் வழியில் ஏற்படும் சேதத்துக்கும் கோரலாம். சாலை, ரயில் வழியே எடுத்துச் செல்லும்போது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். வெறும் மூன்றாம் நபர் காப்பீடு என்றால் அது கிடையாது, அனுப்பும் முன் பாலிசியை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.