சி-130ஜேயிலிருந்து சி-17க்கு மாறலாமா? லோட்மாஸ்டர் மகளின் தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

அமெரிக்க விமானப்படையில் லோட்மாஸ்டராக, அதாவது விமானத்தில் சரக்கை ஏற்றிப் பிணைக்கும் பொறுப்பாளராக, ஆர்கன்சாவின் லிட்டில் ராக் தளத்தில் சி-130ஜே சரக்கு விமானத்தில் பறந்துவரும் உங்கள் மகள், இப்போது அதைவிடப் பெரிய சி-17 சரக்கு விமானத்துக்கு மாற விரும்புவதாகவும், அதனால் இதுவரை கற்றதெல்லாம் வீணாகிவிடுமோ என்று நீங்களும் உங்கள் துணைவியாரும் கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். கற்றது வீணாகாது. ஆனால் அவர் பெற்றிருக்கும் தகுதிகளில் ஒரு பகுதியை மீண்டும் முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டியிருக்கும். அது எந்தப் பகுதி என்று தெரிந்துகொண்டால், மாறலாமா என்பதைவிட எப்போது மாறுவது என்பதுதான் முக்கியமான கேள்வி என்பது புலப்படும்.

டெக்சாஸின் லேக்லேண்டில் முடித்த அடிப்படை லோட்மாஸ்டர் பயிற்சியையும், வாஷிங்டன் மாநிலத்தின் ஃபேர்சைல்டில் முடித்த உயிர்பிழைப்புப் பயிற்சியையும் அவர் புதியவரைப் போல மறுபடி தொடங்க வேண்டியதில்லை. பதவி நிலை, சேவைக்காலம், பறந்த மணிக்கணக்கு ஆகியவை அவருடனேயே வரும். விமானத்தின் எடைமையத்தைக் கணக்கிடும் முறையும் ஆபத்தான சரக்குகளைக் கையாளும் விதிகளும் அடிப்படையில் ஒன்றுதான். 108 அங்குல நீளமும் 88 அங்குல அகலமும் கொண்டு 10,000 பவுண்டு தாங்கும் அலுமினிய பேலட்கூட (சரக்கை அடுக்கிக் கட்டும் தட்டு) மாறுவதில்லை; சி-130ஜேயில் ஏற்றும் அதே பேலட்டைத்தான் சி-17இலும் ஏற்றுகிறார்கள். மாறுவது, குறிப்பிட்ட விமானத்துக்கென்று தரப்படும் தகுதிச் சான்று. சி-17க்கான பயிற்சி ஓக்லஹோமாவின் ஆல்டஸ் தளத்தில் நடைபெறுகிறது. அங்கே வகுப்பறை, சிமுலேட்டர், பறத்தல் ஆகிய கட்டங்களைக் கடந்து, தேர்வாளர் ஒருவர் உடன் பறந்து மதிப்பிட்ட பிறகுதான், அவர் அந்த விமானத்தில் பிறர் மேற்பார்வையின்றிப் பணியாற்ற முடியும். சி-130ஜேயில் பயிற்றுநர் தகுதி பெற்றிருந்தாலும் அது தானாகவே சி-17க்கு மாறிவிடாது. அனுபவம் உள்ளவர் என்பதால் புதியவரைவிட விரைவில் அந்த நிலையை அடையலாம், அவ்வளவே.

வேலை ஒன்றுதானே, விமானம்தானே மாறுகிறது என்று உங்கள் துணைவியார் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான், என்றாலும் விமானம் மாறும்போது வேலையின் இயல்பும் கணிசமாக மாறுகிறது. நீளமான வகை சி-130ஜே எட்டு பேலட்டுகளையும் ஏறத்தாழ 20 டன் சரக்கையும் சுமக்கும். சி-17 பதினெட்டு பேலட்டுகளையும் ஏறத்தாழ 77 டன்னையும் சுமக்கும். ஓர் ஏப்ரம்ஸ் டாங்கியையே ஏற்றிச் செல்லும். இத்தனை பெரிய விமானத்துக்கும் அடிப்படைக் குழு இரண்டு விமானிகளும் ஒரே ஒரு லோட்மாஸ்டரும்தான். பணியின் தன்மைக்கேற்பக் கூடுதலாக ஆள் சேர்ப்பதுண்டு என்றாலும், சரக்கறையில் தனியாக நின்று முடிவெடுக்கும் பொறுப்பு அவர் தோளில் விழும் நாள்கள் நிச்சயம் வரும். சி-17 தரையில் தன் என்ஜின்களின் விசையாலேயே பின்னோக்கி நகரக்கூடியது. அப்போது விமானிகளால் பின்புறத்தைப் பார்க்க முடியாது. வழியைப் பார்த்துச் சொல்லுகிற கண்கள் லோட்மாஸ்டருடையவை. 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூலிலிருந்து ஒரே சி-17 விமானம் 823 பேரை ஏற்றிக்கொண்டு பறந்ததை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். சரக்கறையின் தரை முழுவதும் மக்கள் நெருக்கியடித்து அமர்ந்திருந்த அந்தப் படத்தைப் பார்க்கும்போது, அத்தனை பேரையும் உட்காரவைத்த லோட்மாஸ்டர்களின் வேலையையும் சற்று எண்ணிப் பாருங்கள்.

சரக்கைக் கட்டுவது சாதாரண வேலையல்ல என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராமிலிருந்து புறப்பட்ட தனியார் 747 சரக்கு விமானம் ஒன்று, மேலெழுந்த சில நொடிகளிலேயே விழுந்ததில் அதிலிருந்த ஏழு பேரும் இறந்தனர். ஐந்து கவச வாகனங்கள் முறையாகப் பிணைக்கப்படாததால் அவற்றுள் ஒன்றேனும் பின்னோக்கி நகர்ந்து விமானத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகளைச் சேதப்படுத்தியது என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவுக்கு வந்தது. ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியே தகுதிச் சான்று கேட்பதை வெறும் அலுவலகச் சம்பிரதாயமாக நான் பார்க்காததற்கு இதுதான் காரணம்.

இனி, எப்போது மாறுவது? பயிற்றுநர் தகுதிக்கான வாய்ப்பு அண்மையில் வரக்கூடும் என்று உங்கள் மகள் கூறியதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதை முடித்துவிட்டு மாறுவதே நல்லது என்பது என் கருத்து. தகுதி கூடவே வராது என்று சற்று முன் சொன்னேன். இருந்தும் இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், பிறருக்குக் கற்பித்து, அவர்கள் செய்வதை மதிப்பிட்ட அனுபவம் அவருடைய ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகளில் பதிவாகும். பதவி உயர்வுக் குழுவும் புதிய படைப்பிரிவும் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். அந்த நிலையைத் தொடுவதற்கு முன்பே மாறினால், இரண்டு விமானங்களிலும் தொடக்கநிலைத் தகுதி மட்டுமே உள்ளவராக அவர் சில ஆண்டுகள் தெரிவார். மாறாக, பத்தாண்டுகள் கழித்து மாறலாம் என்று ஒத்திப்போடுவதும் சரியன்று. பதவி உயர உயர மேற்பார்வைப் பொறுப்புகள் கூடும். புதிய விமானத்தைக் கற்கும் மாணவராக அப்போது மீண்டும் அமர்வது கடினம்.

ஒரே விமானத்தில் இருபது ஆண்டுகளைக் கழிப்பதுதான் பாதுகாப்பு என்று நீங்கள் எண்ணுவதாகத் தெரிகிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சி-141 சரக்கு விமானங்கள் 2006இல் முற்றிலும் ஓய்வுபெற்றன. கேசி-10 எரிபொருள் நிரப்பு விமானங்கள் 2024இல் விடைபெற்றன. அவை இருந்த நியூ ஜெர்சியின் மெக்வயர், கலிபோர்னியாவின் டிராவிஸ் ஆகிய தளங்களுக்குக் கேசி-46 என்ற புதிய எரிபொருள் நிரப்பு விமானம் வந்துவிட்டது. பழைய சி-130எச் விமானத்தில் ஐவர் கொண்ட குழு இருந்தது. ஜே வகை வந்தபோது வழியைக் கணிக்கும் நேவிகேட்டர், என்ஜின்களையும் கருவிகளையும் கண்காணிக்கும் ஃபிளைட் என்ஜினியர் ஆகிய இரண்டு இடங்களும் இல்லாமல் போயின. அந்த இடங்களில் இருந்தவர்கள் வேறு விமானங்களையோ வேறு வேலைகளையோ தேட வேண்டியிருந்தது. ஆகவே, மாற்றத்தைத் தானே கேட்டுப் பெறுபவர் பின்னாளில் வற்புறுத்தி மாற்றப்படுபவரைவிட நல்ல நிலையில்தான் இருப்பார்.

நீங்கள் வசிக்கும் எடிசனிலிருந்து மெக்வயர் தளம் காரில் சுமார் ஒரு மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது. அங்கே சி-17 விமானங்களும் உள்ளன. ஆகவே மகள் அருகில் வந்துவிடுவார் என்று உங்கள் துணைவியார் மகிழ்வது இயல்பு. இங்கே சற்று நிதானிக்க வேண்டும். விமானத்தைக் கேட்பது வேறு, தளத்தைக் கேட்பது வேறு. சி-17 தகுதி பெற்றவரைத் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்கோ, வாஷிங்டன் மாநிலத்துக்கோ, அலாஸ்காவுக்கோ, ஹவாய்க்கோ அனுப்பலாம். எங்கே காலியிடம் இருக்கிறதோ அதை வைத்துத்தான் டெக்சாஸிலுள்ள விமானப்படைப் பணியாளர் மையம் முடிவெடுக்கிறது. மெக்வயரிலேயே அமர்ந்தாலும், சரக்கு விமானக் குழுவினரின் மாதத்தில் கணிசமான நாள்கள் வெளிநாட்டு ஓடுதளங்களில்தான் கழியும். வீட்டுக்கு அருகில் என்பதை ஒரு கூடுதல் நன்மையாகக் கொள்ளுங்கள்; மாற்றத்துக்கான காரணமாக அதை வைத்துவிட்டால், அலாஸ்கா ஆணை வரும் நாளில் குடும்பமே சோர்ந்துபோகும்.

டெலவேரின் டோவர் தளத்தையும் சி-5எம் விமானத்தையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 36 பேலட்டுகள் சுமக்கும் மிகப் பெரிய விமானம் அது. மூன்று லோட்மாஸ்டர்கள் சேர்ந்து பணிபுரிவதால் மூத்தவர்களிடமிருந்து கற்க நல்ல இடம். முழுநேரப் படையில் அது டோவர், டிராவிஸ் ஆகிய இரண்டு தளங்களில்தான் நிலைகொண்டிருக்கிறது. ஓரிடத்தில் நிலைத்திருக்க விரும்புபவருக்கு அது நன்மை, பலவகை அனுபவம் தேடுபவருக்குக் குறை. உங்கள் மகள் இரண்டாம் வகை என்றே தோன்றுகிறது.

படையை விட்டு வந்தபின் என்ன வேலை என்ற உங்கள் கவலையை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் விமானம் மாறுவதைப் பற்றிப் பேசும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள். விமானிகளுக்கு இருப்பது போன்ற குடிமைத்துறை உரிமம் லோட்மாஸ்டருக்கு இல்லை. பக்ராம் விபத்துக்குப் பின், சிறப்புச் சரக்குகளை ஏற்றிப் பிணைப்பவர்களுக்குச் சான்றிதழ் முறை வேண்டும் என்று பாதுகாப்பு வாரியமே பரிந்துரைக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்து நிலைமை விளங்கும். எனவே எந்த விமானத்தில் பறந்தார் என்பதைவிட, பறந்த ஆண்டுகளில் கூடவே எதைப் படித்து முடித்தார் என்பதே வெளியுலகில் கூடுதலாகப் பேசும். விமானப்படையின் சமுதாயக் கல்லூரி வழியாக இணைநிலைப் பட்டத்தை அவர் பெற முடியும். 36 மாத முழுநேரச் சேவைக்குப் பின் ஜி.ஐ. பில் எனப்படும், படைவீரர்களுக்கான அரசுக் கல்விப் பயன் முழு விகிதத்தில் கிடைக்கும். 23 வயது நிறைந்தவர் பயிற்சியும் தேர்வும் முடித்து விமானப் பயணங்களைத் தரையிலிருந்து திட்டமிட்டுக் கண்காணிக்கும் டிஸ்பேட்சர் பணிக்கான சான்றிதழைப் பெறலாம். எடை, எரிபொருள், வானிலை என்று அவர் ஏற்கெனவே பழகிய கணக்குகளுக்கு மிக அருகில் இருக்கும் தொழில் அது. கல்லூரியை முழுமையாகத் தொடர விரும்பினால், முழுநேரப் படையிலிருந்து ரிசர்வ் எனப்படும் பகுதிநேரப் படைக்கு மாறும் பேலஸ் சேஸ் என்ற வழியும் உண்டு. மெக்வயரிலும் டோவரிலும் ரிசர்வ் பிரிவுகள் இருப்பதால், பறப்பதை விடாமலேயே நியூ ஜெர்சியில் படிக்கலாம். அவர் அருகில் இருக்க வேண்டும் என்ற ஆசைக்கு உண்மையான வழி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மகளிடம் இதை ஒரு முறை எடுத்துச் சொல்லுங்கள்.

விண்ணப்பிப்பதற்கு முன் அவர் தம் படைப்பிரிவின் மேற்பார்வையாளரிடமும் பணி ஆலோசகரிடமும் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். ஆல்டஸ் பயிற்சியை ஏற்றால் எத்தனை ஆண்டுகள் கூடுதல் சேவைக் கடப்பாடு சேரும் என்பது முதலாவது. அதை வாய்மொழியாக அன்றி எழுத்தில் காண வேண்டும். இப்போதைய ஒப்பந்தம் முடியும் தேதியும், மறுசேர்க்கையின்போது விரும்பும் தளத்தைக் கேட்க இருக்கும் வாய்ப்பும், அந்தக் கடப்பாட்டுடன் எப்படிப் பொருந்துகின்றன என்பது இரண்டாவது. பயிற்றுநர் பயிற்சிக்கு அவர் பெயர் எப்போது பரிந்துரைக்கப்படும் என்பது மூன்றாவது. விடைகள் கிடைத்ததும் அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். எந்தப் பருவத்தில் எத்தனை கல்லூரிப் பாடங்கள் எடுப்பது என்பதை அந்தத் தேதிகளை வைத்துத்தான் வகுக்க முடியும், அதை அவருடன் நேரடியாகப் பேசுவதே முறை.