லண்டன் காரில் பரிஸ், சூரிச் பயணம்: ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ கடல் தாண்டியும் செல்லுமா?

கேள்வி: லண்டன் ஹரோவில் வசிக்கிறோம். காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது. ஆகஸ்டில் குடும்பத்தோடு காரிலேயே பரிஸுக்கு ஒரு திருமணத்துக்குப் போய், அங்கிருந்து சூரிச் போகிறோம். பரிஸில் இருக்கும் மச்சானும் பாதி வழி ஓட்டுவார். அவரிடம் இருப்பது பிரெஞ்சு லைசென்ஸ். மனைவி பரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் சேலை வாங்கி வந்து இங்கே விற்பதும் உண்டு. கிரீன் கார்ட் எடுக்க வேண்டுமா? வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: கிரீன் கார்ட், அதாவது வெளிநாட்டிலும் காப்புறுதி உண்டு என்று காட்டும் சான்று, தேவையில்லை. பிரித்தானியப் பதிவு வாகனங்களுக்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2021 ஓகஸ்ட் 2 முதல் அதைக் கேட்பதில்லை, சுவிஸிலும் வேண்டாம். துருக்கி, அல்பேனியா போன்ற நாடுகளுக்குப் போனால்தான் எடுக்க வேண்டும். காப்புறுதிச் சான்றிதழ், லொக் புக் (வாகனப் பதிவுப் பத்திரம்), லைசென்ஸ் மூன்றும் காரில் இருக்கட்டும். நம்பர் பிளேட்டில் ‘யூகே’ எழுத்தும் பிரித்தானியக் கொடியும் இல்லையென்றால் பின்பக்கம் யூகே ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பழைய ஜீபி ஸ்டிக்கர் 2021 செப்டம்பர் 28க்குப் பிறகு செல்லாது.

நீங்கள் கவலைப்பட வேண்டியது காப்புறுதியின் அளவைப் பற்றி. இங்கே எடுத்த எந்த மோட்டார் காப்புறுதியும் இந்த நாடுகளில் குறைந்தபட்ச மூன்றாம் தரப்புக் காப்பைத் தந்தாக வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்துவது அவ்வளவுதான். பல நிறுவனங்களின் ஃபுல் இன்சூரன்ஸ் கடலைத் தாண்டியதும் மூன்றாம் தரப்பாகச் சுருங்கிவிடும். அப்படியென்றால் நீங்கள் இடித்த காருக்குப் பணம் கிடைக்கும். உங்கள் கார் நொறுங்கினாலோ திருடு போனாலோ ஒரு பென்ஸ்கூடக் கிடைக்காது. முழுக் காப்பு தரும் நிறுவனங்களும் நாள் கணக்கு வைத்திருக்கும்: 30, 60 அல்லது 90 நாள். அது ஒரு பயணத்துக்கா, ஆண்டு முழுவதற்குமா என்பதைக் கவனியுங்கள்.

இதைப் பார்க்க மூன்று தாள்கள் வேண்டும். காப்புறுதியோடு வரும் சுருக்கத் தகவல் தாளில் ‘எங்கே காப்பு உண்டு’ என்ற பகுதி இருக்கும். அது தலைப்பு மட்டும்தான். நிபந்தனைப் புத்தகத்தில் ‘வெளிநாட்டுப் பயன்பாடு’ என்ற அத்தியாயத்தை முழுவதும் வாசியுங்கள். பிறகு உங்கள் பெயரில் வந்த ஷெடியூலில் அந்தப் பகுதி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புத்தகத்தில் இருப்பதெல்லாம் ஷெடியூலில் இருக்க வேண்டும் என்றில்லை. ஆட்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மச்சான் விஷயம் இன்னும் கவனமானது. உங்கள் காப்புறுதியில் சாரதியாகப் பெயர் பதியாமல் அவர் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது. பெயர் சேர்க்கக் கேட்டாலும், பிரித்தானியாவில் வசிக்காதவரையோ வெளிநாட்டு லைசென்ஸ்காரரையோ சில நிறுவனங்கள் ஏற்பதில்லை. பெயரில்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால், நிறுவனம் எதிர்த்தரப்புக்குக் கட்டிவிட்டு அந்தத் தொகையை உங்களிடம் திரும்பக் கேட்கலாம். பிரான்ஸில் காப்புறுதியின்றி ஓட்டுவது குற்றம். அபராதம் 3,750 யூரோ வரை போகலாம். அதேபோல நீங்கள் அவருடைய காரை ஓட்டும்போது, உங்கள் சான்றிதழில் உள்ள ‘பிறர் காரை ஓட்டலாம்’ என்ற வரியை நம்பாதீர்கள். அது பொதுவாகப் பிரித்தானியாவுக்குள் மட்டும்தான் செல்லும்.

சேலை வாங்கி விற்பது வியாபாரப் பயன்பாடு. ‘சொந்தப் பாவனை’ என்று எடுத்த காப்புறுதி அதற்குப் போதாது. இப்போதே சொல்லிவிடுங்கள். 2012ஆம் ஆண்டு நுகர்வோர் காப்புறுதிச் சட்டப்படி, கேட்ட கேள்விக்குக் கவனக்குறைவாகத் தவறான பதில் சொல்லியிருந்தால் நட்டஈட்டை விகிதப்படி குறைக்கலாம்: காப்புறுதிக் கட்டணம் 800 பவுண்ஸ் கட்ட வேண்டிய இடத்தில் 600தான் கட்டியிருந்தால் முக்கால்வாசிதான் வரும். வேண்டுமென்றே மறைத்திருந்தால் காப்புறுதியையே ரத்துச் செய்யலாம்.

திருமணத்துக்குப் போகும்போது நகையும் கூடவே போகும். கார் காப்புறுதியில் உடைமைகளுக்கான தொகை சிறியது; நகையும் காசும் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். நிறுத்திய காரில் விட்டுப்போன நகைக்குப் பயண காப்புறுதியும் பொதுவாகக் கைகொடுக்காது. நகையைக் காரில் வைக்கவே வேண்டாம்.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை பிரான்ஸும் சுவிஸும் போகிறோம். இரு நாட்டிலும் முழுக் காப்பு உண்டா? இன்னார் ஓட்டலாமா? வியாபாரச் சாமான் ஏற்றலாமா? கார் நின்றுபோனால் உதவியும் மாற்றுக் காரும் உண்டா?’ நாட்டின் பெயர்களைத் தனித்தனியாக எழுதுங்கள். ‘ஐரோப்பா’ என்றால் சுவிஸும் அடங்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். போனில் ‘எல்லாம் கவர் ஆகும்’ என்று சொன்னால், அதையே எழுத்தில் கேளுங்கள்.

விபத்து நடந்ததும் இரு சாரதிகளும் சேர்ந்து நிரப்பும் ஐரோப்பிய விபத்து அறிக்கைப் படிவம் ஒன்று ஆங்கிலத்தில் காரில் இருக்கட்டும். எல்லா மொழியிலும் கட்டங்களின் எண் ஒன்றுதான். பிரான்ஸில் இதைக் கொன்ஸ்தா என்பார்கள். 12ஆம் பகுதியில், விபத்து எப்படி நடந்தது என்று காட்ட 17 கட்டங்கள். பொருந்துவதை மட்டும் அடையாளமிட்டு, எத்தனை என்று கீழே எழுத வேண்டும். அதை எழுதாவிட்டால் பின்னால் யாராவது இன்னொரு கட்டத்தில் அடையாளம் போட்டுவிடலாம். மறுப்பு இருந்தால் 14ஆம் பகுதியில் உங்கள் மொழியிலேயே எழுதுங்கள். இருவரும் கையெழுத்திட்ட பிறகு முன்பக்கத்தை மாற்ற முடியாது. பிழையை யார் தலையில் வைப்பது என்று நிறுவனங்கள் முடிவு செய்வது அதை வைத்துத்தான். விளங்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் நிறுவனத்துக்கு அன்றே அறிவியுங்கள்.

காயம் ஏற்பட்டால் பொதுவாக விபத்து நடந்த நாட்டின் சட்டமே பொருந்தும். பிரான்ஸில் 1985 ஜூலை 5ஆம் திகதிச் சட்டம் பயணிகளையும் பாதசாரிகளையும் நன்றாகக் காக்கிறது. ஓட்டியவருக்கு அந்தளவு பாதுகாப்பு இல்லை, அவர் பக்கத்துப் பிழைக்கேற்ப நட்டஈடு குறையும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரெஞ்சுக் காப்புறுதி நிறுவனத்தின் மீது இங்கிருந்தே வழக்குப் போடும் பழைய எளிய வழியும் அடைபட்டுவிட்டது. ஆகவே வெளிநாட்டு வழக்குச் செலவை ஏற்கும் சட்டச் செலவுக் காப்பு உங்களிடம் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்ப்பது நல்லது.

பிரெஞ்சு மோட்டார்வேயில் கார் நின்றால் உங்கள் பிரேக்டவுன் கொம்பனி அங்கே வர முடியாது. செம்மஞ்சள் நிற அவசர போனில் அழைத்தால் அனுமதி பெற்ற வண்டி வந்து இழுக்கும். ரசீதை வைத்திருந்து பின்னர் பணத்தைக் கேளுங்கள்.

நிறுவனம் நட்டஈட்டை மறுத்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ இத்தகைய தகராறுகளைத் தீர்க்கும் நிதி ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணமில்லை, இறுதிப் பதில் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதம் அவகாசம். மேலே சொன்ன மின்னஞ்சலையும் அதற்கு வந்த பதிலையும் முறைப்பாட்டோடு இணையுங்கள்.