மகள் ஃபெடரல் கான்ட்ராக்ட் எடுக்கப் போகிறேன் என்கிறாளா? அமெரிக்காவில் இருக்கும் பெற்றோருக்கு

அன்புள்ள அம்மா, அப்பா இருவருக்கும் வணக்கம்.

ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக ஒரு எல்.எல்.சி. (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) தொடங்கி அமெரிக்க மத்திய அரசுக்கு மென்பொருள் செய்து தரப் போகிறேன் என்று உங்கள் மகள் சொல்கிறாள். ஒருவருக்கு "அரசாங்கப் பணம் எங்கே போய்விடும்" என்ற நம்பிக்கை, இன்னொருவருக்கு மாதச் சம்பளம் போகிறதே என்ற பயம். வேலையை இப்போது விட வேண்டாம், அரசிடம் வேலை எடுக்கத் தேவையான பதிவை இந்த மாதமே தொடங்கட்டும் என்பதுதான் எங்கள் யோசனை. இப்போதைய கம்பெனி வெளிவேலைக்கு அனுமதிக்கிறதா என்று அவளுடைய நியமனக் கடிதத்தை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

மத்திய அரசு ஒப்பந்தம் எடுப்பவர்கள் பதிவு செய்யும் அரசுத் தளம் சாம்.கவ் (SAM.gov). அங்கே பதிவு செய்யக் கட்டணமே கிடையாது. பதிவான சில நாட்களிலேயே, அரசு அலுவலகம் போன்ற பெயரில் சில நூறு டாலர் கேட்டு மின்னஞ்சல்கள் வரும். அவை எல்லாம் இடைத்தரகர்களுடையவை, ஒரு காசும் கட்டாதீர்கள். பதிவு பெரும்பாலும் இழுபடுவது பெயரில்தான். மாநிலப் பதிவுப் பத்திரத்திலும் வரித்துறை தந்த வரி எண் கடிதத்திலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அஞ்சல் பெட்டி முகவரி செல்லாது. புதிய வரி எண் வரித்துறைக் கணினியில் ஏறவே சில வாரம் ஆகலாம். பதிவை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். டெண்டருக்கு விலைப்புள்ளி கொடுக்கும் நாளில் அது காலாவதியாகி இருந்தால் அந்த டெண்டர் கைவிட்டுப் போகும்.

அடுத்தது நெய்க்ஸ் (NAICS) குறியீடு, அதாவது எந்த வகைத் தொழில் என்று காட்டும் எண். மென்பொருள் எழுதித் தரும் வேலைக்கு 541511. ஐந்து ஆண்டுச் சராசரி வருமானம் 3.4 கோடி டாலரைத் தாண்டாதவரை அவள் 'சிறு தொழில்'தான். எதிரே நிற்பவர்களில் பெரும்பாலோரும் அப்படியே என்பதால் அந்தத் தகுதி மட்டும் வேலை வாங்கித் தராது.

வாய்ப்பு உருவாகும் இடம் டெண்டருக்கு முந்தைய கட்டம். 'சோர்ஸஸ் சாட்' என்ற அறிவிப்பில், இந்த வேலையைச் செய்யக்கூடியவர் யார் என்று துறை கேட்கும். நியாயமான விலையில் செய்துதரக்கூடிய சிறு நிறுவனங்கள் குறைந்தது இரண்டு போட்டிக்கு வரும் என்று அதிகாரி கருதினால், வேலையைச் சிறு தொழில்களுக்கென்று ஒதுக்குவார். 15,000 முதல் 3.5 லட்சம் டாலர் வரையிலான வேலைகளில் இப்படி ஒதுக்குவதே பொது விதி. இந்த வரம்புகள் 2025 அக்டோபரில்தான் உயர்ந்தன, பழைய கட்டுரைகளில் 10,000 என்றும் 2.5 லட்சம் என்றும் இருக்கும். அறிவிப்புக்கு யாருமே பதில் எழுதாவிட்டால் வேலை பெரிய கம்பெனிகளுக்கும் திறந்துவிடப்படலாம். அதனால் முதல் ஆறு மாதம் இப்படிப்பட்ட அறிவிப்புகளுக்கு இரண்டு மூன்று பக்கத்தில் சுருக்கமாகப் பதில் எழுதுவதையே வேலையாக வைத்துக்கொள்ளலாம்.

நம்மவர்கள் நடத்தும் ஐ.டி. நிறுவனங்கள் அதிகம் சறுக்கக்கூடிய இடம் பாதி விதி. சிறு தொழிலுக்கென்று ஒதுக்கிய, 3.5 லட்சம் டாலரைத் தாண்டும் சேவை ஒப்பந்தத்தில், அரசு தரும் பணத்தில் 50 சதவீதத்துக்கு மேல் தன்னைப் போலச் சிறு தொழில் தகுதி இல்லாத வெளி நிறுவனங்களுக்குக் கொடுக்கக் கூடாது. 4 லட்சம் டாலர் வேலை என்றால் 2 லட்சம்தான் வெளியே போகலாம். 1099 படிவத்தில் (ஊழியர் அல்லாதவருக்கான வரிப் படிவம்) பணம் வாங்கும் கன்சல்டன்ட்டும் இங்கே வெளி ஆள்தான், ஊழியர் ஆகமாட்டார். "ஆர்டர் வரட்டும், ஆட்களை கார்ப்-டு-கார்ப்பில் (வேறு கம்பெனி வழியாக) எடுத்துக்கொள்ளலாம்" என்ற பழக்கமான கணக்கு இங்கே செல்லாது. மீறினால் அபராதம் 5 லட்சம் டாலர், அல்லது வரம்புக்கு மேல் வெளியே கொடுத்த தொகை. இரண்டில் எது அதிகமோ அது.

இனி உங்கள் பங்கு. அப்பாவுக்குச் சொந்தக் கம்பெனி இருந்து, அது மகள் கம்பெனியோடு கொடுக்கல் வாங்கல் வைத்தால், அரசு இரண்டையும் ஒன்றாகவே பார்த்து, சிறு தொழில் வரம்புக்கு வருமானத்தைக் கூட்டிக் கணக்கிடலாம். பெண்கள் நடத்தும் சிறு நிறுவனங்களுக்கென ஒதுக்கும் வேலைகளுக்கான 'மகளிர் சிறு தொழில்' சான்றுக்கு அவள் அமெரிக்கக் குடிமகளாக இருக்க வேண்டும், கிரீன் கார்டு போதாது. குறைந்தது 51 சதவீதப் பங்கும் அன்றாட முடிவுகளும் பெண்கள் கையில் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கையும் பெரிய முடிவுகளையும் அப்பா கையில் வைத்துக்கொண்டு மகளைக் கையெழுத்துப் போடச் சொல்வது ஆபத்து, அது பொய்த் தகவல் வழக்கு வரை போகலாம். பணம் கொடுப்பதானால் திருப்பித் தரும் தவணையோடு கடன் பத்திரமாக எழுதிக் கொடுங்கள், நிர்வாகத்தில் பிடி வைக்காதீர்கள். இன்னொரு வேலை அவள் நேரத்தை விழுங்குகிறது என்று தோன்றினாலும் இந்தச் சான்று நிற்காது. ஆகவே வேலையில் இருக்கும்வரை அதற்கு விண்ணப்பிக்க வேண்டாம்.

சமூக, பொருளாதார ரீதியில் பின்தங்கியவர்களின் சிறு நிறுவனங்களுக்கான 8(ஏ) திட்டத்தைப் பற்றி நண்பர்கள் சொல்வார்கள். தெற்காசியர் என்பதாலேயே தகுதி என்ற நிலை 2023 ஜூலையில் வந்த மத்திய நீதிமன்றத் தீர்ப்போடு போய்விட்டது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பணக் கணக்கு இது. மூன்று ஊழியர், வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு மாதம் 9,000 டாலர் என்று வைப்போம். முதல் மாத வேலை முடிந்துதான் பில் போகும். சரியான பில்லுக்குப் பொதுவான கெடு 30 நாள். சிறு தொழிலுக்கு 15 நாளில் தர முயல்கிறார்கள், ஆனால் அதை நம்பிச் சம்பளத் தேதி வைக்க முடியாது. ஒப்பந்த எண்ணில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் பில் திரும்பி வரலாம், நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மூன்று மாதச் சம்பளமான 81,000 டாலர் கையில் அல்லது வங்கிக் கடன் வரம்பில் இல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது. இன்னொன்று, ஒப்பந்தத்தை மாற்றும் அதிகாரம், அரசு சார்பில் அதில் கையெழுத்திடும் கான்ட்ராக்டிங் ஆபீசருக்கு மட்டுமே. அரசுத் தரப்புத் திட்ட மேலாளர் வாய்மொழியாக "இதையும் செய்துவிடுங்கள்" என்றால், எழுத்தில் மாற்றம் வரும்வரை செய்யக் கூடாது. செய்தால் காசு வராமலே போகலாம்.

இத்தனையும் பார்த்தால், முதல் இரண்டு ஆண்டு பெரிய கம்பெனிகளுக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரராக நுழைவதே நல்லது. பொதுவாக 9 லட்சம் டாலரைத் தாண்டும் ஒப்பந்தம் பெறும் பெரிய கம்பெனி, அதில் துணை வேலைக்கு இடமிருந்தால், சிறு தொழில்களுக்கு எவ்வளவு தருவோம் என்று திட்டம் கொடுத்தாக வேண்டும். அதற்கென்றே அங்கே ஒரு அதிகாரி இருப்பார். அவள் துறையில் யார் யார் ஒப்பந்தம் வைத்திருக்கிறார்கள், எப்போது முடிகிறது என்பதை யூஎஸ்ஏஸ்பெண்டிங்.கவ் தளத்தில் தேடலாம். முன்பு பீடாக் (PTAC) என்று அழைக்கப்பட்ட, அரசு ஒப்பந்தம் தேடுவோருக்கு உதவும் ஏபெக்ஸ் ஆக்சலரேட்டர் அலுவலகங்கள் இந்தத் தேடலையும் விண்ணப்பத்தையும் இலவசமாகப் பார்த்துத் தருகின்றன. அங்கே நேரம் வாங்கும்போது நிறுவனப் பத்திரம், வரி எண் கடிதம், அவள் செய்து முடித்த மூன்று வேலைகளின் ஒரு பக்கக் குறிப்பு ஆகியவற்றை எடுத்துப் போகச் சொல்லுங்கள். கூட நீங்கள் போக வேண்டாம்.