வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் ஏன் எரிகிறது?

கேள்வி: எங்கள் போர்வெல்லில் ஒரு ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் இருக்கிறது. கோடை மாலைகளில் வோல்டேஜ் 180-க்கு இறங்கிவிடும். போன மாதம் காயில் எரிந்துவிட்டது. லோ வோல்டேஜ்தான் காரணம் என்கிறார் மெக்கானிக். வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையத்தானே வேண்டும்? அப்புறம் எப்படி எரியும்?

பதில்: பள்ளியில் படித்த ஓம் விதியை வைத்துக் கேட்கிறீர்கள். கேள்வி நியாயமானது. மெக்கானிக் சொன்னதும் சரிதான்.

வோல்டேஜ் என்பது இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள மின் அழுத்த வித்தியாசம். எதுவும் செருகாத பிளக் பாயின்டிலும் 230 வோல்ட் இருக்கிறது. கரண்ட் மட்டும் பூஜ்யம். எதையாவது இணைத்தால்தான் கரண்ட் ஓடும். எவ்வளவு ஓடும் என்பது வோல்டேஜை மட்டுமல்ல, இணைத்த பொருளின் குணத்தையும் பொறுத்தது.

தண்ணீர் காய்ச்சும் 1000 வாட் ஹீட்டர் ராடு 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் எடுக்கும். 180-ல் 3.4 தான். தண்ணீர் கொதிக்கத் தாமதமாகும், ராடுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் கணக்கு இங்கே அப்படியே பொருந்தும்.

மோட்டாரின் கதை வேறு. அது அதே ஆழத்திலிருந்து அதே தண்ணீரைத் தூக்கியாக வேண்டும். ஆனால் அதன் முறுக்கு விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 180-ல் ஏறக்குறைய 61 சதவீதம்தான் மிஞ்சும். சுமையைத் தாங்க முடியாமல் ரோட்டார் (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) வேகத்தில் பின்தங்கும். பின்தங்கப் பின்தங்க மோட்டார் கூடுதல் கரண்டை இழுக்கும். காயிலில் உண்டாகும் சூடோ கரண்டின் வர்க்கத்தில் ஏறும்: கரண்ட் 25 சதவீதம் கூடினால் சூடு 56 சதவீதம் கூடிவிடும்.

இதைவிட மோசம், கிளம்பவே முடியாமல் 'உம்' என்று உறுமிக்கொண்டு நிற்பது. நின்ற மோட்டார் 230 வோல்ட்டில் வழக்கமான கரண்டைப்போல ஐந்து மடங்கு எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 180-ல் அது நாலு மடங்காகக் குறையும். ஆக, உங்கள் கணக்குப்படி குறையத்தான் செய்கிறது. ஆனால் அந்த நாலு மடங்கே காயிலைக் கருக்கப் போதும். உறுமல் கேட்டால் யோசிக்காமல் சுவிட்சை அணையுங்கள்.

எம்.சி.பி. (கரண்ட் மிகுந்தால் தானாக விழும் சுவிட்ச்) காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். அது வயரைக் காக்கப் போட்டது. மோட்டாருக்கு, செட் செய்த ஆம்பியரைத் தாண்டினால் அணைத்துவிடும் ஓவர்லோடு ரிலே வேண்டும். நேம் பிளேட்டில் உள்ள ஆம்பியருக்கு அதை செட் செய்யச் சொல்லுங்கள். லோ வோல்டேஜில் தானாக அணைக்கும் கட்-ஆஃப் இருந்தால் இன்னும் நல்லது.

ஸ்டெபிலைசர் வாங்கும் முன் ஒரு சோதனை. மோட்டார் போடுவதற்கு முன்னும், ஓடும்போதும் ஸ்டார்ட்டர் பெட்டியில் வோல்டேஜைப் பாருங்கள். முன்பே 180 என்றால் லைனில் குறை. மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். முன்பு 220 இருந்து, ஓடும்போது மட்டும் சரிந்தால் உங்கள் வயரிங்கைச் சந்தேகியுங்கள். 1.5 சதுர மி.மீ. செம்பு வயரை 100 மீட்டர் இழுத்திருந்தால், 7 ஆம்பியருக்கே சுமார் 17 வோல்ட் வழியில் போய்விடும். அந்த நிலையில் ஸ்டெபிலைசர் வைத்தால், அது லைனிலிருந்து இன்னும் அதிகக் கரண்ட் இழுத்து இழப்பைக் கூட்டும். முதலில் லூஸ் ஜாயின்ட்டுகளைப் பாருங்கள், பிறகு 4 சதுர மி.மீ. வயருக்கு மாறுங்கள்.