ஒருமுறை சொன்னால் எழுத வர வேண்டும்

கேள்வி: எங்கள் கடை ‘செழியன் செக்கு எண்ணெய்’. டொமைனில், அதாவது வெப்சைட் முகவரியில், முழுப் பெயரையும் போடலாமா? டாட் காம் கிடைக்காவிட்டால் டாட் இன் பரவாயில்லையா? வெப்சைட் செய்பவர் தானே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். (வாசகி, காங்கேயம்)

பதில்: முழுப் பெயர் வேண்டாம். நீளம் பிரச்சினை இல்லை, புள்ளிக்கு முன் 63 எழுத்துவரை இடம் உண்டு. தொல்லையெல்லாம் ஆங்கில எழுத்துக்கூட்டலில்தான். ‘செ’வுக்கு எஸ்ஸா, சி-எச்சா? ‘ழி’க்கு இசட்-எச்சா, வெறும் எல்லா? ‘யன்’னில் ஒய் உண்டா, இல்லையா? செழியனுக்கே எட்டு வடிவம் ஆயிற்று. அப்புறம் செக்குக்கு எத்தனை கே, எண்ணெய்க்கு எத்தனை என் என்று தொடங்கினால் வாடிக்கையாளர் பாதியிலேயே விட்டுவிடுவார். ‘செழியன் ஆயில்ஸ்’ என்றால் பின்பாதியிலாவது குழப்பமில்லை.

கடையை அறியாத நாலைந்து பேருக்குப் போன் போட்டுப் பெயரை ஒரே ஒருமுறை சொல்லுங்கள். எழுத்துக்கூட்டாதீர்கள். காதில் விழுந்தபடி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதிகம் பேர் எழுதியதே உங்கள் டொமைன். அடுத்து வந்ததையும் வாங்கி முதலாவதற்குத் திருப்பிவிடலாம். ஹைபன் வேண்டாம், வாயால் சொல்லும்போது அது காணாமல் போகும்.

விற்பனை உள்நாட்டில்தான் என்றால் டாட் இன் தாராளமாகப் போதும். ஆனால் அதே பெயரின் டாட் காமைத் திறந்து பாருங்கள். அங்கே இன்னொரு எண்ணெய்க் கடை இருந்தால் பெயரையே மாற்றுங்கள். உங்கள் விளம்பரச் செலவில் அவர்களுக்கு ஆள் போகும். டிரேட்மார்க் பதிவேட்டிலும் தேடுங்கள். சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பில் வரும்.

வெப்சைட்காரர் வாங்கித் தரட்டும், தப்பில்லை. உரிமையாளர் பெயர், மின்னஞ்சல், போன் மூன்றும் உங்களுடையதாக இருக்க வேண்டும். டாட் காம் வாங்கியதும் மின்னஞ்சலைச் சரிபார்க்க ஒரு இணைப்பு வரும். 15 நாளுக்குள் அழுத்தாவிட்டால் வெப்சைட் முடங்கும். பின்னாளில் டொமைனை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடும் கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் கிடைக்கும். அவரோடு மனத்தாங்கல் வந்தபிறகு அதைக் கேட்டு வாங்குவது லேசில்லை.

கேள்வி: டாட் இந்தியா என்று தமிழிலேயே வாங்கினால் என்ன?

பதில்: வாங்கலாம், இரண்டாவது பெயராக. உள்ளே அது எக்ஸ்-என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக்கோவையாகத்தான் பதிவாகிறது. இணைப்பை நகலெடுத்து ஒட்டினால் சில இடங்களில் அந்தக் கோவையே தெரியும். பார்ப்பவர் ஏமாற்று இணைப்போ என்று பயப்படுவார். அந்த டொமைனில் வைத்த மின்னஞ்சல் முகவரியைப் பல படிவங்கள் ஏற்பதும் இல்லை.

கேள்வி: புதுப்பிக்க மறந்து டாட் காம் காலாவதியாகிவிட்டது. போனது போனதுதானா?

பதில்: உடனே போகாது. முதல் சில வாரங்கள் பல நிறுவனங்கள் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பித்துத் தரும். அது தாண்டிப் பெயர் நீக்கப்பட்டாலும் 30 நாள் மீட்புக்காலம் உண்டு. அப்போது அபராதம் பல மடங்கு. பிறகு 5 நாள் யாராலும் தொட முடியாது, அதன்பின் யார் முந்துகிறாரோ அவருக்கு. ஆகவே இன்றே கணக்கைத் திறந்து பாருங்கள். கிடைத்துவிட்டால், நினைவூட்டல் வரும் மின்னஞ்சலையும் மாற்றுங்கள். அது அதே டொமைனில் இருந்தால், டொமைன் நின்ற அன்றே அதுவும் நின்றுவிடும்.