குளத்துப் படியும் ஜெர்மானியம் டயோடும்

கேள்வி: ஜெர்மானியம் டயோடைச் சூடாக்கினால் மின்னோட்டம் கூடுகிறது. செம்புக் கம்பியைச் சூடாக்கினால் மின்தடை கூடுகிறது. இரண்டிலும் எலெக்ட்ரான்கள் மேல் மட்டத்துக்குத்தானே ஏறுகின்றன?
– பி.எஸ்சி. மாணவி, தஞ்சாவூர்

பதில்: நல்ல இடத்தில் பிடித்திருக்கிறாய் அம்மா. டயோடை எண்ணெயில் வைத்துச் சூடாக்கும் இந்த ஆய்வை முப்பது வருஷம் நடத்தியிருக்கிறேன். இதைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

தண்ணீர் நிறைந்த தெப்பக்குளத்தை நினைத்துக்கொள். படிகள்தான் ஆற்றல் மட்டங்கள், தண்ணீர்தான் எலெக்ட்ரான்கள், காற்றுதான் வெப்பநிலை. காற்றே இல்லாவிட்டால் ஒரு படி வரை முழுக்க நனைந்திருக்கும், அதற்கு மேல் சொட்டு ஈரம் இருக்காது. அதுதான் 0 கெல்வின், அதாவது வெப்பநிலையின் அடிமட்ட எல்லை. காற்று வீசினால் அலை அடிக்கிறது. ஆனால் அடிப்படிகளுக்கு அது தெரியவே தெரியாது. நீர்மட்டத்தில் இருக்கும் படி மட்டும் பாதி நேரம் நனையும், பாதி நேரம் காயும். ஃபெர்மி மட்டத்தில் எலெக்ட்ரான் இருக்கும் நிகழ்தகவு எப்போதும் அரை என்று படிக்கிறாயே, அது இந்தப் படிதான்.

செம்பில் இந்தக் குளத்தின் ஆழம் 7 எலெக்ட்ரான் வோல்ட் (இது ஆற்றலை அளக்கும் சிறிய அலகு). அறை வெப்பநிலையில் அலையின் உயரம் 0.026 தான். ஆயிரத்துக்கு நாலு எலெக்ட்ரான்தான் மேலே ஏறுகிறது. 1085 டிகிரியில் செம்பே உருகும்போதும் நூற்றுக்கு இரண்டு தேறாது. ஆகவே அங்கே எலெக்ட்ரான் கணக்கு மாறுவதில்லை; சூட்டில் செம்பின் அயனிகள் (எலெக்ட்ரானை விட்ட அணுக்கள்) அதிர்ந்து வழிமறிப்பதால்தான் தடை கூடுகிறது.

ஜெர்மானியத்தில் நீர்மட்டத்தை ஒட்டிப் படியே கிடையாது. கீழே நிறைந்த படிகள், நடுவில் 0.67 எலெக்ட்ரான் வோல்ட் வெற்றுச்சுவர், அதற்கு மேல்தான் அடுத்த படி. அறை வெப்பநிலையில் அந்தப் படியில் ஓர் இடம் நிரம்பியிருக்க வாய்ப்பு 10 லட்சத்துக்கு 2 என்ற அளவுதான். 80 டிகிரியில் அதுவே சுமார் 16. காற்று கொஞ்சம்தான் கூடியது, தெறிப்போ ஏழு மடங்கு! மேலே ஏறியவை கூடினால் மின்னோட்டமும் கூடும்; உன் மைக்ரோ அம்மீட்டர் முள் ஏறியது இதனால்தான்.

எலெக்ட்ரான்கள் படிகளை எப்படி நிரப்பும் என்று சொல்லும் இந்தப் புள்ளியியலை 1926-ல் இயற்பியலாளர்கள் ஃபெர்மியும் டிராக்கும் தனித்தனியாகக் கண்டார்கள். அதை உலோகங்களுக்குப் பொருத்திக் காட்டிய ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் 1928-ல் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் அவரைத் தேடிப் போய்ப் பார்த்தார். அவர் கையில் சோமர்ஃபெல்ட் தன் கட்டுரையின் அச்சுப்படியையே கொடுத்தார். அந்த மாணவர் சந்திரசேகர். வெண்குள்ளன் விண்மீன்களுக்கு (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்கள்) அவர் போட்ட கணக்கில் இதே புள்ளியியல்தான் இருக்கிறது. உன்னைவிட அவருக்கு அப்போது வயது கூட இருந்திருக்காது.

அப்புறம் ஒன்று. எண்ணெய் சூடேறும்போதே அளவு எடுக்காதே. தெர்மாமீட்டர் ஒன்று காட்டும், டயோடு வேறு சூட்டில் இருக்கும். 85 டிகிரிக்கு ஏற்றி, அடுப்பை அணைத்து, நன்றாகக் கலக்கிவிட்டு, இறங்க இறங்கக் குறித்துக்கொள். மின்னோட்டத்தின் மடக்கையை (log) 1/T-க்கு எதிராக வரைந்தால் (T கெல்வினில்) கோடு நேராக வரும்.