அமெரிக்காவில் ராணுவப் பணிக்குப் போகும் ஊழியருக்குச் சம்பளம் தரும் முதலாளிக்கு அரசு உதவுமா?

உதவும், ஆனால் ரொக்கமாக அல்ல, வரிச் சலுகையாக. ரிசர்வ் படையினரின் (வேறு வேலை பார்த்துக்கொண்டே, தேவைப்படும்போது ராணுவப் பணிக்கு அழைக்கப்படுவோரின்) வேலையைக் காக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், அவர்கள் ராணுவப் பணியில் இருக்கும் காலத்துக்குத் தனியார் நிறுவனங்கள் சம்பளம் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. எனினும், ராணுவ ஊதியம் வழக்கமான சம்பளத்தைவிடக் குறைந்தால் அந்த வித்தியாசத்தைப் பல நிறுவனங்கள் தாமாகவே ஈடுகட்டுகின்றன. அவ்வாறு தரும் தொகையில், ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் வரையிலான பகுதிக்கு 20 சதவீதம், அதாவது அதிகபட்சம் 4,000 டாலர், நிறுவனத்தின் கூட்டாட்சி வருமான வரியிலிருந்து நேரடியாகக் கழிக்கப்படும்.

2008இல் 50க்கும் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் தற்காலிகமாக வந்த இச்சலுகை, 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிரந்தரமாகி, 2016 முதல் எல்லா நிறுவனங்களுக்கும் விரிந்தது. ராணுவப் பணிக்காலம் 30 நாட்களுக்கு மேல் இருக்க வேண்டும் என்பதால், வார இறுதிப் பயிற்சிகளுக்கு இது பொருந்தாது. என் பார்வையில், 20 சதவீதம் என்பது ஊக்கமே தவிர, ஈடு அல்ல.